தலை கிடைக்காத ஒன்று

மூன்றாம் முறையாகப் பெயர்ச்சீட்டைச் சுரண்டுகிறேன்.
கோதுமைமாப் பசை, இன்னும் மணக்கிறது.
கீழே வேறொரு கையெழுத்து;
அதுவும் என்னுடையதுதான்,
அப்போது சாய்த்து எழுதுவேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
சாந்தில் வார்த்த ஒரு கணைக்கால் எலும்பு.
அசல் ஜெர்மனியில்.
அதற்கும் முன்னம் ஆபிரிக்காவில், தெண்டகுருக் குன்றில்.
துறைமுகம் மட்டும் கூலியாட்கள்
தலைச்சுமையாய்க் கொண்டுபோனார்களாம், நாட்கணக்கில் நடந்து.
எலாஃப்ரோசோரஸ்: இலேசான பல்லி.
சைக்கிளில் வரும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன்.
நாக்குக்கு அது இலேசாய் இருக்கவில்லை.

முதற் சீட்டு எழுபத்தொன்பதில்,
கனகசூரியர் சேர் சொல்லச்சொல்ல எழுதியது:
தீக்கோழிப் போலிகளின் மூதாதை.
நீட்டுக் கழுத்து, நீட்டுக் கால், மெல்லிய உடம்பு,
வேறென்னடாப்பா வேணும் என்றார்.
தலை வேணும் சேர்
என்று நான் சொல்லவில்லை.
தோண்டிய குழியில் தலை கிடைக்கவில்லை.
சுவர்ப்படத்தில் சேரே ஒரு தலை வரைந்தார்,
பல்லில்லாத தீக்கோழித் தலை.
சிவப்பு மை முடிந்துபோய்
கண் நீலமாயிற்று.

தீக்கோழி என்கிறோம்,
அதில் தீயும் இல்லை, கோழியும் இல்லை.
அதற்கொரு போலி, போலிக்கொரு மூதாதை,
மூதாதைக்கு இரவல் தலை.

தொண்ணூற்று நாலில் எமில்டா மிஸ் வந்தா.
மண்ணெண்ணெய் விளக்கைப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்து
இது அந்த ஆக்களில்லை என்றா.
இடுப்பைப் பாருங்கோ, தோளைப் பாருங்கோ.
நாங்கள் இரண்டுபேரும் பார்த்தது ஒரு கணைக்காலை.
ஓடுறதுக்கெண்டு உடம்பு இளைச்சா
ஆருக்கு ஆர் சொந்தமில்லாட்டிலும்
எல்லாரும் ஒருத்தரைப்போல ஒருத்தர்தான் இருப்பினம்.
கொம்புப் பல்லிகளின் கிளை, எழுதுங்கோ.
கொம்பு எங்கே என்று கேட்டேன்.
அதுவும் தலையிலதான் அண்ணை, என்றா.

அடுத்த வருஷம் ஒக்டோபரில்
பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனேன்.
சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்
என்னை இடம்பெயர்ந்தோர் என்று பதிந்தார்கள்.
வைகாசியில் மீளத் திரும்பியோர்.
கொழும்பில் ஒரு லொட்ஜில், பொலிஸ் கொப்பியில்
இன்னொரு சொல்; அதை நான் வாசிக்கவில்லை,
சிங்களத்தில் இருந்தது.
இதையும் அதையும் சேர்த்துக் கட்டாதேங்கோ.
அது மிருகம். அதுக்கு நிவாரண அட்டை இல்லை.
நான் தலையோடுதான் திரும்பி வந்தேன்.

இங்கே அப்படி ஒன்றும் அகப்படாது.
கீரிமலையில் எவ்வளவு ஆழம் கல் வெட்டினாலும்
வருவது சிப்பி.
அந்த மிருகம் ஓடி முடிந்த காலத்தில்
எங்கள் கல் பிறக்கவேயில்லை.

கனகசூரியர் சேர் இப்பவும் மாதம் ஒருக்கா வருவார்,
ஓட்டோவில், கையில் பொல்லோடு.
பெட்டிக்கு முன்னால் நிற்பார்.
இன்னும் கொம்புப் பல்லியோ?
ஓம் சேர். இப்ப அதுக்குள்ளயும் வேற குடும்பமாம்,
போன கிழமை மிஸ் தாள் காட்டினவ.
என்ர தலை இருக்கோ?
இருக்கு சேர், சுவரில.
கண் இன்னும் நீலந்தான்.

எமில்டா மிஸ் தந்த புதுப் பெயர்
மேசையில் கிடக்கிறது, தட்டச்சில், ஒரு கேள்விக்குறியோடு.
கேள்விக்குறியையும் எழுதவா என்று கேட்க மறந்துபோனேன்.
பசை காய்கிறது.
முதலாம் வருஷப் பெடிச்சி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.
இது என்ன ஐயா, தீக்கோழியோ?
ஓடினது, பிள்ளை, என்றேன்.

சீட்டை ஒட்டவில்லை.
பெட்டியைப் பூட்டினேன்.
பரமேஸ்வராச் சந்தியில் சைக்கிளுக்குக் குறுக்கே
ஒரு நாட்டுக்கோழி பாய்ந்தது,
கழுத்தை முன்னே எறிந்து,
இரண்டு காலும் நிலத்தில் படாத
அந்த ஒரு கணம்.
பிரேக் பிடித்தேன்.
மதிலோரம் நின்று திரும்பிப் பார்த்தது,
ஒரு கண்ணால்.